நாவலரின் நிழலில் ஒரு பாதிரியார்

செஞ்சியில் வாழும் எங்களுக்கு வாய்மொழியின் வலிமை புதிதன்று. தேசிங்கு ராசன் ஆண்டது சிறிது காலமே. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். இன்றளவும் அவனை வாழவைத்திருப்பது கதைப்பாடல்தான். மக்கள் வாயில் உலவியவற்றைத் தேடித் தொகுத்த ஒருவரைப் பற்றி எழுதத் தோன்றியதும் அதனால்தான்.

பேர்சிவல் பாதிரியார் என்றதும் நம்மில் பலருக்கு ஆறுமுக நாவலரே நினைவுக்கு வருவார். நாவலருக்கு வேலை கொடுத்தவர், விவிலிய மொழிபெயர்ப்பில் அவரைத் துணைகொண்டவர், அவ்வளவே நாம் அறிந்தது. இது போதாது என்பதே எம் கருத்து.

வெஸ்லியன் மெதடிஸ்த சபையின் குருவாக 1826இல் யாழ்ப்பாணம் வந்த பீட்டர் பேர்சிவல், இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என வழங்கும் பள்ளியை ஏற்று நடத்தினார். அங்கு பயின்ற நாவலர் அங்கேயே ஆசிரியருமானார். 1848இல் அவர் விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிகளை எதிர்த்து அவர் பயன்படுத்திய பள்ளி, அச்சு, பிரசங்கம் ஆகிய கருவிகள் மிஷனரிகளின் பாசறையிலேயே பழகியவை. இருவரும் சேர்ந்து உழைத்த விவிலியம் 1850இல் வெளிவந்தது. தமிழகத்துத் திருச்சபைகள் அதை ஏற்கவில்லை. பேர்சிவலும் பின்னர் மெதடிஸ்த சபையை விட்டு ஆங்கிலிக்கன் சபையிற் சேர்ந்தார்.

சென்னைக்கு வந்து 1855இல் ‘தினவர்த்தமானி’ இதழைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் விளங்கினார். அவ்விதழின் பொறுப்புக்கு அவர் அழைத்துவந்தவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய அதே பிள்ளையவர்கள்தாம்! பதிப்பு வரலாறு பேசுவோர் இந்த அழைப்பைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம்.

எனினும் எம்மை ஈர்ப்பது அவருடைய பழமொழித் தொகுப்பே. யாழ்ப்பாணத்திலேயே தொடங்கிய அப்பணி, 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் 6000க்கும் மேற்பட்ட பழமொழிகளாக, ஆங்கிலப் பெயர்ப்புடன் விரிந்தது. குறையில்லாத நூல் என்று சொல்லோம். அகரவரிசையில் அடுக்கியதால், எவர் எச்சமயத்தில் சொல்வது என்ற சூழல் உதிர்ந்துபோயிற்று. உரலடியிலும் களத்துமேட்டிலும் பிறந்தவற்றுக்கு அது சிறிய இழப்பன்று. ஆயினும் ஏட்டுத் தமிழையே தமிழெனப் போற்றிய காலத்தில் பேச்சுவழக்கைப் பொருட்படுத்தி, ஏறத்தாழ முப்பதாண்டுகள் இடைவிடாது சேர்த்தாரே!

அவர் 1882இல் ஏற்காட்டில் காலமானார். அந்நூலை அண்மையில் நாங்கள் கூடியமர்ந்து படித்தோம். பாட்டிமார் சொல்லிக் கேட்டவை பல இருந்தன. எங்களில் ஒருவருக்கும் விளங்காதவையும் இருந்தன. அவற்றுக்கு அந்தப் பாதிரியாரின் ஆங்கிலத்தைப் பார்த்தே பொருள் தெரிந்துகொண்டோம்.