ஹிரயாமா துறவி இல்லை

'பேர்ஃபெக்ட் டேய்ஸ்' பார்த்து முடித்தபிறகு எங்கட ஆக்கள் போட்ட ஸ்டேட்டஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். "வாழ இவ்வளவும் காணும்." சின்னச் சின்னச் செடிகள், பழைய கசெட்டுகள், ஒரு புத்தகம், இலைகளுக்கு நடுவால விழுற வெயில். டோக்கியோவின் ஷிபுயாப் பகுதியில் பொது மலசலகூடங்கள் கழுவும் ஹிரயாமாவை நாங்கள் எல்லாரும் ஒரு சாமியாராக்கி விட்டோம். பிறகு அதில் நடித்த கோஜி யகுஷோவின் மற்றப் படங்களையும் தேடிப் பார்த்தோம். இப்ப எங்கட கருத்து வேற.

முதலில் அவருடைய பெயர். 'யகுஷோ' என்றால் அரசாங்கக் கந்தோர். 1956இல் நாகசாகி மாவட்டத்தில் பிறந்தவர், படிப்பு முடிய டோக்கியோவின் சியோடா நகரக் கந்தோரில் வேலை செய்தவர். பெரிய நடிகரான தத்சுயா நகதாய் நடித்த ஒரு மேடை நாடகத்தைப் பார்த்துத்தான் நடிப்பில் ஆசை வந்தது. பிறகு நகதாயின் நடிப்புப் பள்ளியிலேயே சேர்ந்தார். கந்தோரில் இருந்து வந்த பெடியனுக்கு அந்தப் பெயரை வைத்தவரும் நகதாய்தான். 1983இல் 'தொகுகவா இயாசு' தொலைக்காட்சித் தொடரில் ஒட நொபுனாகாவாக வந்து நாடு முழுக்கப் பிரபலமானார். வாள் தூக்கும் வீரனாகவே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் எங்களை இழுத்தது, அதுக்குப் பிறகு அவர் நடித்த வேலைக்குப் போற மனிசர்தான்.

1996இல் வந்த 'ஷல் வி டான்ஸ்?' படத்தில் அவர் ஒரு கணக்காளர். வீடு, மனைவி, மகள், வீட்டுக் கடன், எல்லாம் இருக்கு. ரயில் ஜன்னலால் ஒரு நடனப் பள்ளியைப் பார்த்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் போய்ச் சேருகிறார். அடுத்த வருசம் கான் விழாவின் பெரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட 'உனாகி' படத்தில், மனைவியைக் கொன்றுவிட்டுத் தானே பொலிசில் சரணடையும் கந்தோர்க்காரன். சிறையால் வந்து சலூன் வைக்கிறான், மனம்விட்டுக் கதைக்கிறது ஒரு விலாங்கு மீனோடு மட்டும். மிவா நிஷிகவா இயக்கி 2020இல் வந்த 'அண்டர் த ஓபன் ஸ்கை' படத்தில், 13 வருசம் சிறையில் இருந்து வந்து வேலை தேடும் முன்னாள் சண்டியன். கடைசியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைக்குது. அங்கே ஒரு சக ஊழியரை மற்றவர்கள் நக்கலடிக்கும்போது, கோபத்தை விழுங்கிக்கொண்டு ஒரு சிரிப்பை வரவைக்கிறார். வேலை போயிடக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு ஹிரயாமாவின் சிரிப்பை நம்புறது கஷ்டம். யகுஷோவின் மனிசர்களுக்கு அமைதி என்பது பல நேரம் அடக்கி வைத்த ஒன்று.

திரும்பப் போய் 'பேர்ஃபெக்ட் டேய்ஸ்' பார்த்தால், முதல் தரம் நாங்கள் கடந்துபோன காட்சிகள் கண்ணில் படும். கூட வேலை செய்யும் பெடியன் திடீரென வேலையை விட, அவனுடைய வேலையும் ஹிரயாமாவின் தலையில் விழுகிறது. இரவு போன் எடுத்து, இதை ஒவ்வொரு நாளும் செய்ய ஏலாது எண்டு கோபப்படுகிறார். சாமியார் கோபப்படமாட்டார், தொழிலாளிதான் கோபப்படுவார். சாரதி ஓட்டும் காரில் வரும் தங்கச்சி, உண்மையாகவே மலசலகூடம் கழுவுறியா என்று கேட்கிறாள். அவர் தலையாட்டுகிறார். அவள் போனபிறகு அழுகிறார்.

படத்தில் பிழை இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த மலசலகூடங்கள் அவை. அந்தத் திட்டத்தைத் தொடக்கியவர்தான் படத்தின் தயாரிப்பாளர், யுனிக்லோ உடுப்பு நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த கோஜி யனாய். அதனாலோ என்னவோ, விம் வெண்டர்ஸின் கமராவில் அழுக்கு பெரிதாகத் தெரியாது. அந்த வேலையின் பாரத்தை யகுஷோவின் முகமும் முதுகும்தான் சுமக்குது. 2023இல் கான் விழாவின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது நியாயமே.

கடைசிக் காட்சியில் வான் ஓட்டிக்கொண்டு போகிறார். நீனா சிமோன் பாடுகிறார். வசனமே இல்லை. சிரிப்பு வருது, கண் நிறையுது, திரும்பச் சிரிப்பு. அது சந்தோஷமா துக்கமா என்று நாங்கள் ஹொஸ்டலில் விடிய விடியச் சண்டை பிடித்தோம். ரெண்டும்தான். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் ஸ்டேட்டஸில் போடுறதுதான் பிழை.

குறைந்த சம்பளத்தில் வேலை செய்யிற ஒருவரைப் பார்த்து "எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை" என்று சொல்லுறது எங்களுக்கு லேசு. அந்த நிம்மதிக்கு அவர் என்ன விலை குடுத்தார் என்று நாங்கள் கேட்கிறதில்லை. யகுஷோ நாற்பது வருசமாக அந்த விலையைத்தான் நடித்துக் காட்டுகிறார். படத்தை இன்னொருக்காப் பாருங்கோ. இந்தமுறை செடியை விட்டுட்டு, முகத்தைப் பாருங்கோ.