மழலை முற்றம்: வாசலில் நின்ற சிறுமி

சென்ற இதழில் ஈர மணலில் விரல் பிடித்து ‘அ’ எழுதச் சொல்லித் தருவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “எழுத்தெல்லாம் இருக்கட்டும். உங்கள் பசியாவரம் குழந்தைகள் தினமும் ஒழுங்காக வந்தார்களா? என் பிள்ளையைத் தெருக்கோடிப் பள்ளிக்கு அனுப்பவே தினமும் ஒரு போராட்டமாக இருக்கிறதே!”

இல்லை சகோதரி, வரவில்லை. ஏன் வரவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்கவும், குளிர்காலத்தில் பூநாரைகளைப் பார்க்கவும் ஜனங்கள் வருவார்கள். படகுத்துறையில் மீனும் நண்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தண்ணீருக்கு அப்பால் இருக்கும் பசியாவரத்தை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

பத்து வருஷத்துக்கு முன்னால், என் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பகல் முழுக்க வீடு வெறிச்சென்று இருந்தது. தெரிந்தவர்கள் சிலர் அங்கே ஒரு மழலையர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். “நீங்கள் வந்து சொல்லித் தரலாமே” என்று கூப்பிட்டார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்கா டீச்சர் வேலை என்று சிரிப்பாக இருந்தது. என்னவர்தான், “இரண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு இதை விடப் பெரிய பட்டம் எதற்கு?” என்றார். கிளம்பிவிட்டேன்.

காலையில் படகு. ஒரு கையில் குடிதண்ணீர்க் கேன், மறு கையில் சுண்டல் தூக்கு. ஓலைக் கொட்டகையில் மூன்றிலிருந்து ஐந்து வயசு வரை இருபத்திரண்டு வாண்டுகள். கிளிஞ்சலை எண்ணிக் கணக்கு, மணலில் எழுத்து, பாட்டு, கதை. நான் கடல் மீன் படம் வரைந்து பெயர் சொன்னால், “அது இல்ல டீச்சர், இது வேற மீனு!” என்று எனக்கே திருத்தம் சொல்வார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடே கிடையாது.

ஆனால் இருபது பேர் வரும் நாளும் உண்டு, ஆறே பேர் வரும் நாளும் உண்டு. வகுப்பிலே ஒரு குட்டிப் பையன். எல்லோரும் அவனை ‘நண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு வருபவள் எட்டு வயசு அக்கா. இடுப்பிலே ஒரு வயசுத் தங்கை. நண்டுவை உள்ளே விட்டுவிட்டு அவள் போகமாட்டாள். வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்று நான் சொல்வதையெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பாள்.

“ஏம்மா, நீ இஸ்கூலுக்குப் போகலையா?”

“பாப்பாவை யாரு பாத்துப்பாங்க டீச்சர்? அம்மா இறாலுக்குப் போயிருக்குது.”

ஒரு நாள் பாப்பா வீறிட்டு அழுதது. கதை நடுவில் நின்றுவிட்டது. எனக்குக் கோபம். “பாப்பாவை வைத்துக்கொண்டு இங்கே நிற்காதே, வீட்டுக்குப் போ” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் நண்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டுக்கே போனேன்.

அம்மா அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தாள். இந்த ஏரியில் சிலர் வலையே இல்லாமல் இறால் பிடிப்பார்கள். தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையாலேயே தடவித் தடவி இறாலைப் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறியில் போடுவார்கள். அவள் விரல்களைப் பார்த்தேன். அத்தனை கீறல், உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய் இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. சின்னதைப் பெரிசு பாத்துக்கினு இருந்திச்சு. நடுவுலதை நீங்க பாத்துக்கினீங்க. பெரிசை நீங்க தொரத்திட்டா, நடுவுலது மட்டும் எப்படி வரும்?”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. படகில் திரும்பும்போது அழுதுவிட்டேன்.

மறுநாள் என் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்துப் போனேன். கொட்டகை மூங்கிலில் தூளி கட்டினேன். “பாப்பா இங்கே இருக்கட்டும். நீ இஸ்கூலுக்குப் போ” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உதவிக்கு இருந்த ஆயா, “பாருங்க, ஊர்ல இருக்கிற கைக்குழந்தை எல்லாம் இங்கதான் வரப்போவுது!” என்றாள். அவள் வாய் முகூர்த்தம், ஒரே வாரத்தில் மூன்று தூளி! ஒன்றுக்குப் பேதி, ஒன்றுக்குச் சளி. பாடமும் நடக்கவில்லை, தாலாட்டும் நடக்கவில்லை. அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

வழி சொன்னவர்கள் ஊர்ப் பெண்களே. இந்த ஏரிப் பக்கத்தில் ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. நல்ல மீன்பிடி இடத்தை ஒருவரே வைத்துக்கொள்ளாமல், முறை வைத்து மாறி மாறி வலை போடுவார்கள். “ஆம்பளைங்க ஏரியில முறை போட்டுக்கறாங்க இல்ல? நாம தூளிக்கு முறை போட்டுக்கலாம்” என்றாள் ஒரு பாட்டி. அப்படியே ஆயிற்று. தினம் ஒரு அம்மாவோ பாட்டியோ வந்து தூளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். நண்டுவின் அக்கா பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் பாப்பாவைத் தூக்க வரும்போது நோட்டைக் கொண்டுவந்து காட்டுவாள்.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி நினைத்திருந்தேன். பிறகுதான் படித்தேன். தாராபாய் மோடக் என்ற அம்மையார் மகாராஷ்டிரக் கிராமங்களில் பாலர் பள்ளி நடத்தியபோது, இதே சிக்கலைப் பார்த்திருக்கிறார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் பெரிய குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. அதனால் கைக்குழந்தைக் காப்பகம், பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார். 1962-ல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. மாண்டிசோரி அம்மையாரும் 1907-ல் ரோம் நகரில் முதல் பள்ளியை ஆரம்பித்தது ஏழைத் தொழிலாளிகளின் குழந்தைகளுக்காகத்தான். அந்த அம்மாள் 1939-ல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்!

இளம் தாய்மார்களுக்கு, அந்தத் தூளிகள் எனக்குக் கற்றுத் தந்ததில் சில:

கைக்குழந்தையைத் தூக்கும் முன்பும், சாப்பாடு ஊட்டும் முன்பும், மலம் கழுவிவிட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இதைக் கட்டாயமாக்கிய பிறகு எங்கள் தூளிகளில் பேதி குறைந்தது.

பேதியானால் பாலையோ சாப்பாட்டையோ நிறுத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுப்படி காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலந்து அடிக்கடி கொடுங்கள். குழந்தை துவண்டு போனாலோ, கண் உள்ளே போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

வகுப்பில் தூங்கி வழியும் குழந்தையைத் திட்டாதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

இனி மீதிக் கதை. அந்த அக்கா பன்னிரண்டாவது பாஸ் செய்துவிட்டாள். தூளியில் கிடந்த பாப்பா ஆறாம் வகுப்பு. நண்டு மட்டும் எட்டாவதோடு நின்றுவிட்டான், அப்பாவோடு ஏரிக்குப் போகிறான். கூடைக்கணக்கைத் தப்பாமல் சொல்கிறான் என்று அவன் அம்மாவுக்குப் பெருமை. என்னைக் கண்டால் படகிலிருந்தே கை காட்டுவான். நானும் காட்டுவேன், ஆனால் மனசு பிசையும். அ, ஆ சொல்லிக் கொடுத்தவன் நின்றுவிட்டான், வாசலில் நின்று கேட்டவள் படித்துவிட்டாள். நான் இன்னும் என்ன செய்திருக்கலாம் என்று இன்றும் யோசிக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் ஒரு பெரிய மகள் இருக்கலாம். அவள் பள்ளிக்குப் போகவில்லையென்றால், “ஏன் அனுப்பவில்லை?” என்று கடிந்துகொள்ளும் முன், “பாப்பாவை யார் பார்த்துக்கறாங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1975-லிருந்து நடக்கும் அங்கன்வாடித் திட்டம் ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்காகத்தான் இருக்கிறது. பக்கத்து மையத்தை விசாரித்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூடவே போய்ச் சேர்த்துவிட்டும் வாருங்கள். வீட்டில் பழைய நூல் புடவை இருந்தால், அதையும் எடுத்துக்கொண்டு!