கொசுவை ஒழிக்கிறேன் பேர்வழி என்று...

பி.காம் படிக்கிறவனுக்குப் பூச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீங்க மக்களே. தூண்டில் போடுகிறவனுக்கு ஓடையில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

போன மாதம் எங்க ஊர் ஓடையில் ஒரு தன்னார்வக் குழு 'டெங்கு ஒழிப்பு' பேனர் கட்டி, கவர் கவராகக் கம்பூசியா மீனைக் கொட்டியது. போட்டோவில் நம்ம வகுப்பு ஆட்களும் நாலு பேர் சிரிக்கிறீங்க. கோபிச்சுக்காதீங்க, இது உங்களுக்குத்தான்.

முதல் கேள்வி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடையிலா முட்டையிடுகிறது? பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு... இதெல்லாம்தான் அதன் பிரசவ வார்டு. ஓடும் தண்ணீர் என்னய்யா பாவம் செய்தது?

இரண்டாவது, ஓடையில் கொசுப்புழுவைத் தின்ன ஆளே இல்லையா? கரையோரப் புல்லடியில் ஒரு வலைத்துண்டை விட்டு அலசிப் பாருங்க. பறக்கிற தும்பியைத்தான் நமக்குத் தெரியும். சிறகு முளைக்கும்வரை அது தண்ணீருக்குள்தான் வளர்கிறது. மடித்து வைத்த கீழ்த்தாடையைச் சட்டென்று நீட்டி இரையைக் கவ்வும். மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்வண்டு, தலையில் வெள்ளிப் புள்ளியோடு மேலாக நீந்தும் நம்மூர்ச் சின்ன மீன், எல்லாருக்கும் கொசுப்புழு சாப்பாடுதான். சம்பளம் கேட்காத வேலைக்காரர்கள்!

கம்பூசியா அமெரிக்கச் சரக்கு. 1928-இல் இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவை மட்டும்தான் தின்பேன் என்று அது யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. தும்பிப் புழு, தலைப்பிரட்டை, மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, கிடைத்ததெல்லாம் காலி. குட்டி போட்டே பெருகும். பெருகிவிட்டால் ஓடையிலிருந்து திரும்ப அள்ள முடியாது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று 2000-இல் வந்த பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்கும் கணக்குக்கு நம்ம வாத்தியார் மார்க் போடுவாரா?

வெளியே போக வழியில்லாத சிமெண்ட் தொட்டியில் விடுங்க, சண்டைக்கு வரமாட்டேன்.

போன ஞாயிறு என் வலைத்துண்டில் தும்பிப் புழு ரெண்டே ரெண்டுதான். அந்த மீனால்தான் என்று சொல்லமாட்டேன், ஒரு மாதம்தானே ஆகிறது. ஆனால் இனி ஒவ்வொரு வாரமும் எண்ணப் போகிறேன்.

நிஜமாகவே டெங்குவை ஒழிக்கணுமா? இந்த ஞாயிறு ஹாஸ்டல் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் டயர்களைக் கவிழ்க்க வாங்க. பேனர் கிடையாது. டீ என் செலவு :)