"நமக்கு வராது" எனும் துர்ச்சகுனம்

ஜவ்வாது மலையடிவாரத்துக் கணியம்பாடியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும், "குர்ஆனை ஓதுகிறீர்களே, அதன் மொழியைச் சிறிதேனும் கற்கலாமே" என்று நம் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் ஆலிம்களுக்கு உரியது, இந்த வயதில் நமக்கு எங்கே வரப்போகிறது?" என்பார்கள். கேட்பதற்குப் பணிவாக ஒலிக்கும் இவ்விடையைப் பணிவு என்று ஏற்க நாம் மறுக்கிறோம். இது அவநம்பிக்கை. மார்க்கத்தின் போர்வையைப் போர்த்திக்கொண்டு வருவதால் கூடுதல் ஆபத்துடைய அவநம்பிக்கை.

கணியம்பாடியில் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களைக் கவனியுங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். அவர்களோடு பழகும் ஆட்டோ ஓட்டுநரும் விடுதிக்காரரும் மருந்துக்கடைப் பணியாளரும் வங்காளமும் இந்தியும் பேசுகிறார்கள். இவர்களில் இலக்கண நூலைத் தொட்டவர் எத்தனை பேர்? பிழையாகப் பேசினார்கள், எதிரில் நின்றவர் திருத்தினார், மறுநாள் சற்றுச் சரியாகப் பேசினார்கள். வந்தாக வேண்டும் என்றிருந்தார்கள், வந்தது. அத்தெருவில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நுழைந்ததும், "நமக்கு அரபி வராது" என்கிறார். கடையில் சுழன்ற நாக்கு பள்ளிவாசல் படியில் ஏன் கட்டுண்டு போகிறது?

அறியாமைக் காலத்து அரபிகள் பயணம் புறப்படும்போது பறவை பறக்கும் திசையைப் பார்த்தார்கள். அது தவறான பக்கம் பறந்தால் வீடு திரும்பினார்கள். பறவை என்னும் சொல்லிலிருந்தே இதற்குத் 'தியரா' என்று பெயர் வந்தது. இதனை நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். மாறாக 'ஃபஃல்' எனும் நல்ல சொல்லை விரும்பினார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். பறவையைப் பார்த்துத் திரும்பியவரை நாம் பரிகசிக்கிறோம். ஆனால் முதல் பாடத்தைத் திறக்குமுன்பே "வராது" என்று சொல்லித் திரும்புகிறவர் செய்வது வேறென்ன? அவருடைய பறவை அவருடைய நாவிலேயே அமர்ந்திருக்கிறது.

இதனை உளவியலும் வேறு சொற்களில் கூறுகிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன், தோல்வியை மனிதர் தமக்குத் தாமே விளக்கிக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்தார். அவநம்பிக்கையாளர் ஒரு சறுக்கலை நிரந்தரமானதாகவும், எல்லாவற்றையும் தழுவியதாகவும், தம் பிறவிக் குறையாகவும் கொள்கிறார். நம்பிக்கையாளரோ அதைத் தற்காலிகமானதாகவும் ஒரு செயலோடு நிற்பதாகவும் கொள்கிறார். மொழி கற்பதில் இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படும். ஏனெனில் மொழியைப் பிழையின்றிக் கற்ற மனிதர் எவருமில்லை. "இன்று பத்துச் சொற்களில் ஆறு மறந்துவிட்டன" என்பவர் நாளை அந்த ஆறையும் மீண்டும் படிப்பார். "எனக்கு நினைவாற்றலே இல்லை" என்பவர் புத்தகத்தை மூடிவிடுவார். இருவருக்கும் மறந்தது அதே ஆறு சொற்கள்தாம்.

அரபி இலக்கணத்தின் பேராசானாகிய ஸீபவைஹி அரபியர் அல்லர், பாரசீகர். ஹதீஸ் பாடம் கேட்கும்போது அவர் செய்த ஓர் இலக்கணப் பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்டினார் என்றும், இனி எவரும் பிழை காணாதவாறு கற்பேன் என்று அவர் இலக்கணத்தை நாடினார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அன்று அவர் "நாம் அஜமிகள், நமக்கு வராது" என்று எழுந்து போயிருந்தால் 'அல்கிதாப்' எனும் பெருநூல் ஏது?

நம் பெரியவர்கள் எண்ணுவதுபோல் அரபி நமக்கு அந்நியமும் அன்று. கடையில் 'பாக்கி' என்கிறோம். வேலூரின் புகழ்பெற்ற அரபிக் கல்லூரியை 'பாகியாத்' என்கிறோம். எஞ்சி நிற்பது எனும் பொருளில் இரண்டிற்கும் வேர் ஒன்றே. நீதிமன்றத்து 'வக்கீல்' நம் 'தவக்குல்' உடன் பிறந்தது. 'வாரிசு' நம் 'மீராஸ்' உடன் பிறந்தது. வசூல், ரத்து, ஆஜர், அசல், நகல் யாவும் அரபியே. ஸூரத்துல் ஃபாத்திஹாவில் பிஸ்மில்லாஹ் உட்பட 29 சொற்கள். ரஹ்மான், ரஹீம், ஹம்து, ரப்பு, ஆலம், தீன், இபாதத், ஹிதாயத், ஸிராத், நிஃமத் ஆகியவற்றை அறிந்தவர் அவற்றில் ஏறத்தாழப் பாதியின் வாசலில் ஏற்கெனவே நிற்கிறார். கடமையான தொழுகைகளின் 17 ரக்அத்துகளில் நாள்தோறும் ஓதியோ ஓதக் கேட்டோ வரும் சொற்களைப் பொருளறியாமலே விட்டுவிட்டு, ஓர் ஆயுளைக் கழிப்பது எத்துணை பெரிய இழப்பு!

மறுபுறம், "முப்பதே நாட்களில் அரபி" என்று விளம்பரம் செய்வோரையும் நாம் கண்டிக்கிறோம். அது நம்பிக்கையன்று, ஏமாற்று. முப்பத்தோராம் நாள் ஒரு வாக்கியமும் விளங்காதபோது, மாணவர் விளம்பரத்தைக் குறை கூறுவதில்லை. தம்மையே குறை கூறிக்கொள்கிறார். அவநம்பிக்கைக்கு இதைவிடச் சிறந்த உரம் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த மார்க்கம் நம்முடையது. இங்கே ஒட்டகத்தைக் கட்டுவது என்பது நாளுக்கு மூன்று சொற்கள், வாரம் ஒருமுறை மீள்பார்வை, திருத்தித் தர ஓர் ஆசிரியர்.

பெரும் பொறுப்பு கற்பிப்போரிடமும் உண்டு. யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது, அவர் இளைஞர். அரை மாதத்தில் அவர் தேர்ந்தார் என்று திர்மிதீ பதிவு செய்கிறது. முடியும் என்று கருதி அவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது என்பதே நாம் இங்கு கற்க வேண்டியது. மக்தபில் 'ளாத்' எழுத்தில் தடுமாறும் சிறுவனைப் பார்த்துச் சிரிக்கும் ஆசிரியரும், "உனக்கு இது ஏறாது" என்னும் தந்தையும், பேத்தியிடம் பாடம் கேட்க வெட்கப்படும் பாட்டியைப் பரிகசிக்கும் வீட்டாரும் தியராவையே பரப்புகிறார்கள். திக்கித் திணறிக் குர்ஆனை ஓதுபவருக்கு இரட்டை நன்மை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அல்லாஹ் கூலி தரும் தடுமாற்றத்தைப் பார்த்துச் சிரிக்க நாம் யார்?

எல்லோரும் ஆலிம் ஆக வேண்டியதில்லை. நின்று ஓதுவது இன்னதென்று அறிந்து ஓதினால் போதும். இன்று இஷாவுக்குப் பின் ஃபாத்திஹாவின் முதல் வசனத்திலிருந்து தொடங்குவோம். மூஸா (அலை) அவர்களின் நாவின் முடிச்சை அவிழ்த்த இறைவன் நம் நாவின் முடிச்சையும் அவிழ்ப்பானாக! ஆமீன்.