பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு டீக்கடை. டென்னிஸ் பால் டோர்னமெண்டின் அரையிறுதி முடிந்து கூட்டம் அங்கேதான் ஒதுங்கியிருந்தது. ஜெயித்த டீமில் நாற்பதை நெருங்கும் இடதுகை ஆட்டக்காரர் ஒருவர். அன்றைக்கு ஆட்டத்தைத் தனியாளாக இழுத்து வந்தவர் அவர்தான். ஐடிஐ படிக்கும் பையன் ஒருவன், "இவ்வளவு ஆடுறாரே, அண்ணன் ஏன் ரஞ்சிக்கெல்லாம் போகல?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர் யோசிக்கவே இல்லை. "சரக்கு இருந்திருந்தா தானா போயிருப்பாருப்பா. பூக்கடைக்கு எதுக்கு விளம்பரம்?"

பேச்சுக்குரியவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். டீயைக் குடித்து முடித்தார், காலையில் ஏ ஷிப்ட் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தப் பதிலைக் கண்டிக்கத்தான் இதை எழுதுகிறேன். சொன்னவர் கெட்டவர் இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் நம்புகிறோம். திறமையை யாராலும் மறைக்க முடியாது, மேலே வராதவனிடம் ஏதோ குறை இருந்திருக்கும் என்று. இது பொய். இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது இன்னும் பெரிய பொய். பாகலூர், தளிப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். பூ நன்றாகப் பூத்தால் மட்டும் போதுமா? நேரத்தில் அறுக்க வேண்டும், தண்டின் நீளம் பார்த்துப் பிரிக்க வேண்டும், குளிர் அறையில் வைக்க வேண்டும், வாடுவதற்குள் பெங்களூருக்கு வண்டி கிளம்ப வேண்டும். வண்டி வராத நாளில் அதே பூ குப்பைக்குப் போகிறது. அன்றைக்குப் பூவில் குறை என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார்.

இப்படிப் பேசினாலே எதிரில் இருப்பவர் நடராஜன் பெயரைச் சொல்வார். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடிக்கொண்டிருந்தவர் இந்தியாவுக்கே ஆடிவிட்டாரே, அவரை யார் மறைத்தார்கள் என்பார். நடராஜன் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு. அதனால்தான் அவர் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்கிறேன். அவரைச் சென்னை லீக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஜெயப்பிரகாஷ் என்று ஓர் அண்ணன் இருந்தார். அந்த நன்றியில்தான் 'ஜேபி நட்டு' என்று ஜெர்சியில் பெயர் போட்டுக்கொண்டு ஆடினார் நடராஜன். 2015-இல் ரஞ்சியில் அறிமுகமான கையோடு அவர் பந்துவீச்சு முறை மேல் புகார் வந்தபோது, உட்கார வைத்துத் திருத்திக்கொடுக்கப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது வலைப் பயிற்சிக்குப் பந்து போட. காயத்தால் ஒவ்வொருவராக விலக விலக, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இறங்கினார். பிரிஸ்பேனில் அவர் எடுத்த 3 விக்கெட் அவருடையது. ஆனால் அந்தப் பந்தை வாங்கும் இடத்துக்கு அவர் வந்து சேர, ஓர் அண்ணனும் ஒரு லீக்கும் பொறுமையுள்ள பயிற்சியாளர்களும் ஏழெட்டுப் பேரின் காயங்களும் தேவைப்பட்டன. அதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் யார்க்கர் மோசமாகியிருக்காது. நமக்குத் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. நடராஜன் பந்துவீச்சாளர். பேட்டைப் பிடிப்பவனின் பாடு அதைவிடக் கொடுமை. நல்ல பந்துவீச்சாளனை ஓர் ஓவரில் கண்டுபிடித்துவிடலாம். ஐந்து பந்து வீணானாலும் ஆறாவது பந்து ஸ்டம்பைச் சாய்த்தால் பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பேட்ஸ்மேனுக்குக் கணக்கே தலைகீழ். ஐந்து பந்தை அழகாக ஆடி ஆறாவதில் போல்டானால் அதுதான் நினைவில் நிற்கும். அவனை எடைபோட ஒரு சீசன் வேண்டும், பல விதமான ஆடுகளம் வேண்டும், லெதர் பந்து வேண்டும், தோற்றுவிட்டுத் திரும்பி வர வாய்ப்பு வேண்டும்.

நான் சொன்ன இடதுகைக்காரர் பதினேழு வயதில் ஒரு தேர்வுக்குப் போயிருக்கிறார். காலையிலிருந்து வரிசையில் நின்று, மத்தியானம் கிடைத்தது ஓர் ஓவர். அதுவரை அவர் மேட்டிங் விக்கெட்டைத் தவிர வேறெதிலும் ஆடியதில்லை. புல் தரையில் மூன்றாவது பந்து தாழ்ந்து வந்து காலில் பட்டது. "அடுத்த ஆள்" என்றார்களாம். இருபது வருடம் கழித்தும் அந்த மூன்றாவது பந்தைக் கையால் வரைந்து காட்டுகிறார். பிறகு ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ், அப்புறம் காண்ட்ராக்ட், அப்புறம் குடும்பம். ஆட்டத்துக்கு லீவு கேட்டால் சம்பளம் போகும். ஒரு நல்ல இங்கிலீஷ் வில்லோ பேட் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

எல்லை ஊர் என்பது வேறு சேர்ந்துகொள்கிறது. சின்னசாமி ஸ்டேடியம் நமக்கு 40 கிலோமீட்டர். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் போனால், கூட்டம் இல்லாத நாளில் ஒன்றரை மணி நேரம். ஆனால் நம் பையன் தமிழ்நாட்டுக்காரன். அவன் ஏற வேண்டிய ஏணி 300 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், சென்னை லீக்கில் இருக்கிறது. அங்கே தங்க அறை, சாப்பாடு, சேர்த்துக்கொள்ள ஒரு கிளப், இத்தனையும் வேண்டும். கிட்டே இருக்கிற மைதானம் அவனுடையது இல்லை, அவனுடைய மைதானம் கிட்டே இல்லை.

அந்த இடதுகைக்காரர் ஆடி நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டென்னிஸ் பந்தில் எல்லோரும் முன்காலை ஒதுக்கிவிட்டு லெக் சைடில் தூக்குவார்கள். இவர் பின்காலில் போவார். பந்தைக் கண்ணுக்கு நேர் கீழே வரவிட்டு, கீப்பர் கையை நீட்டுகிற நேரத்தில் மணிக்கட்டைத் திருப்புவார். பாயிண்டுக்கும் தேர்ட் மேனுக்கும் நடுவே, யாரும் ஓட வேண்டிய அவசியமே இல்லாமல், பந்து சாக்கடை ஓரம் போய் நிற்கும். எந்தப் பயிற்சியாளரும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

சரி, ஏணியில் ஏறியவர்களுக்காவது நியாயம் கிடைத்ததா? பத்ரிநாத்தைப் பாருங்கள். முதல்தர கிரிக்கெட்டில் 145 ஆட்டம், 10,245 ரன், 32 சதம், சராசரி 54-க்கு மேல். பலர் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கும் வயதை எல்லாம் தாண்டி 29 வயதில், 2010 பிப்ரவரியில், நாக்பூரில் முதல் டெஸ்ட். டேல் ஸ்டெயின் 7 விக்கெட்டைச் சாய்த்த அந்த இன்னிங்ஸில் சேவாக்குக்குத் துணையாக நின்று 56 அடித்தார். இரண்டாம் இன்னிங்ஸில் 6, அடுத்து கொல்கத்தாவில் 1. முடிந்தது. பதினாயிரம் ரன்னுக்கு மூன்று இன்னிங்ஸ். 2011-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு டி20 ஆடி, 43 அடித்து, ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். சர்வதேச டி20-யில் அவருக்கு அதுவே முதலும் கடைசியும்.

மும்பையின் அமோல் மஜும்தார் 11,167 முதல்தர ரன், 30 சதம். 1988-இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 ரன் கூட்டணி போட்டபோது, அடுத்து இறங்க பேட் கட்டிக்கொண்டு காத்திருந்த பையன் அவர்தான். 1994-இல் ரஞ்சியில் முதல் ஆட்டத்திலேயே 260. இந்தியாவுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2025 நவம்பரில் உலகக் கோப்பையை வென்ற நம் பெண்கள் அணியின் பயிற்சியாளராக அவர் கண்கலங்கி நின்றபோதுதான் நாட்டில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கருண் நாயர் 2016 டிசம்பரில் நம் சேப்பாக்கத்தில் 303 நாட் அவுட். அடுத்த டெஸ்டிலேயே அவருக்கு இடமில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். டெண்டுல்கர், டிராவிட், லக்ஷ்மண் இருந்த காலம், பத்ரிக்கு எங்கே இடம் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். யாரோ உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெஞ்சில் ஐந்து பேர்தான் உட்கார முடியும் என்றால் ஆறாவது ஆள் நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் நிற்பவனைப் பார்த்து உனக்கு உட்காரத் தகுதியில்லை என்று சொல்லாதீர்கள். இடம் இல்லை என்பது வேறு, சரக்கு இல்லை என்பது வேறு. முன்னதைச் சொன்னால் இன்னொரு பெஞ்சு போடத் தோன்றும். பின்னதைச் சொன்னால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தேர்வாளருக்கும் சங்கத்துக்கும் நமக்கும் மனசாட்சி உறுத்தாமல் தூக்கம் வரும். இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்கு அந்தச் சௌகரியம்தான் காரணம்.

பேஸ்பால் ஆடும் அமெரிக்காவிலும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோஷ் கிப்சன் என்று ஒரு கறுப்பின ஆட்டக்காரர். கறுப்பர்களுக்கு மேஜர் லீக் கதவு மூடியிருந்ததால் அவர்களுக்கென்றே இருந்த நீக்ரோ லீக்குகளில் ஆடினார். 1947 ஜனவரியில் 35 வயதில் செத்துப்போனார். அதே வருடம் ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்தார். மூன்று மாத இடைவெளி. பல காலம் கிப்சனின் ஆட்டம் வெறும் கதையாகவே சொல்லப்பட்டது. ஆனால் சிலர் விடவில்லை. கறுப்பினப் பத்திரிகைகளில் அந்தக் காலத்தில் வந்த ஸ்கோர் விவரங்களை ஆட்டம் ஆட்டமாகத் தேடிக் கூட்டினார்கள். 2024 மே மாதம் மேஜர் லீக் அந்தக் கணக்கைத் தன் பதிவேட்டில் ஏற்றியது. தலைமுறை தலைமுறையாக முதலிடத்தில் இருந்த டை காப்பின் .367 சராசரி இரண்டாம் இடத்துக்குப் போனது. கிப்சன் .372. செத்து 77 வருடம் ஆன பிறகு.

அவர் ஆட்டம் தானாக வெளியே வரவில்லை. யாரோ எழுதி வைத்திருந்தார்கள், யாரோ தோண்டி எடுத்தார்கள். குன்றின் மேல் விளக்கு என்கிறோமே, அந்த விளக்கு நடந்தா குன்றேறியது?

நம் டோர்னமெண்டை நடத்துபவரிடம் பழைய ஸ்கோர் நோட்டுகளைக் கேட்டேன். மூன்று வருடத்துக்கு முந்தியது எல்லாம் பேப்பர் கடைக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த நான்கு நோட்டை ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார். மழைத்தண்ணீர் பட்டு ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தேன். 71, 48, 90 நாட் அவுட், 12, 66. எதிரே அந்த இடதுகைக்காரரின் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை. 'லெஃப்ட் அண்ணா' என்றிருக்கிறது, ஓரிடத்தில் வெறும் 'லெஃப்ட்'.

வருகிற ஞாயிறு இறுதி ஆட்டம். கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். டாஸ் போடுவதற்கு முன்னால் அவரிடம் போய் இனிஷியலையும் பிறந்த தேதியையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.