2 மணித்தியாலம் 45 நிமிடம் என்பது 2.45 அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. கூலி, காணி, நகை மூன்றும் இதற்குள் வருகின்றன. அதனால் "கணக்கா?" என்று கேட்டுக் கடந்துபோய் விடாதீர்கள்.

மேலதிக வேலைக்கு மணித்தியாலத்துக்கு 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை 2 மணித்தியாலம் 45 நிமிடம் வேலை செய்கிறாள். கணக்கு எழுதுபவர் போனில் 2.45 என்று அடித்து 400ஆல் பெருக்குகிறார். 980 ரூபா வருகிறது. அவளுக்குச் சேர வேண்டியது 1100 ரூபா. 60 நிமிடத்தில் 45 நிமிடம் என்பது முக்கால். முக்காலை எழுதினால் 0.75. ஒரு நாளைக்கு 120 ரூபா குறைகிறது. மாதத்தில் இப்படி 25 நாள் என்றால் 3000 ரூபா. ஒரு வீட்டின் கரண்ட் பில்லே அதில் அடங்கிவிடும்.

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் ராத்தா வேலை செய்கிற இடத்தில் மாதக்கணக்காக இதுதான் நடந்திருக்கிறது. அவள் கேட்டபோது முதலாளி கோபப்படவில்லை. கல்குலேட்டரை எடுத்து அவள் முன்னாலேயே அடித்துக் காட்டி, "மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டிருக்கிறார். மெஷின் பொய் சொல்லவில்லைதான். 2.45ஐப் பெருக்கச் சொன்னார், பெருக்கிக் கொடுத்தது. அந்த 45 நிமிடக் கணக்கு என்று அதற்கு யார் சொன்னது?

அவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் விளங்காத பிழைதான் அதிக நாள் ஓடும். அளவை நிறுவையில் மோசம் செய்யக் கூடாது என்று ஜும்ஆவில் அடிக்கடி கேட்கிறோம். அளவு விளங்காததால் நடக்கும் மோசத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வாயால் சொல்லும்போது யாருக்கும் பிழைப்பதில்லை. "ரெண்டே முக்கால் மணித்தியாலம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஓ.எல். எழுதாத உம்மம்மாவும் அப்படித்தான் சொல்வார். கால், அரை, முக்கால் என்ற சொற்களுக்குள் கணக்கு சரியாக இருக்கிறது. அதை எழுதிப் புள்ளி வைக்கிற இடத்தில்தான் வழுக்குகிறோம். புள்ளிக்குப் பிறகு வருவது பத்தில், நூறில் ஒரு பங்கு. ஆனால் மணித்தியாலம் 60ஆகப் பிரிகிறது, அடி 12ஆகப் பிரிகிறது, பவுண் 8ஆகப் பிரிகிறது. 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று எழுதிக்கொண்டு போய்ப் பலகை வெட்டக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தச்சு வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

இதில் பெரிய நட்டம் வருவது காணியில். ஒரு ஏக்கருக்கு 4 றூட், ஒரு றூட்டுக்கு 40 பேர்ச், ஆகவே ஏக்கருக்கு 160 பேர்ச். பழைய உறுதிகளில் ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்று எண்கள் தனித்தனியாக இருக்கும். ஏக்கர் 0, றூட் 1, பேர்ச் 6 என்று இருந்தால் அது 46 பேர்ச். அதையே ஒருவர் "1.6 றூட்" என்று தாளில் குறித்துக்கொண்டு 40ஆல் பெருக்கினால் 64 பேர்ச். இல்லாத 18 பேர்ச் தாளில் முளைத்துவிடும்.

இப்போது அந்தக் காணியைப் பங்கு வைக்கப் பாருங்கள். வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிவிட்டார்கள், ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் இருக்கிறார்கள் என்று வைப்போம். நான்கு பங்கு. மகனுக்கு இரண்டு, மகள்மாருக்கு ஒவ்வொன்று. 46ஐ நான்கால் பிரித்தால் ஒரு மகளுக்கு 11.5 பேர்ச். 64 என்று நம்பிக்கொண்டிருக்கும் தங்கச்சியின் கணக்கில் அவளுக்கு 16 பேர்ச் வர வேண்டும். நாலரைப் பேர்ச்சை காக்கா அமுக்கிவிட்டார் என்று அவள் நினைக்கிறாள். பெருநாளைக்கு வருவது நிற்கிறது, பிள்ளைகள் பேசுவது நிற்கிறது. காக்கா ஒரு அங்குலமும் எடுக்கவில்லை. உறுதியை விரித்து வைத்து, "இந்த 1ஐ 40 ஆக்கு, அதோடு 6ஐக் கூட்டு" என்று சொல்ல ஒரு ஆள் அந்த வீட்டில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

புதிய வரைபடங்களில் ஹெக்டயர் வருகிறது. 0.0253 ஹெக்டயர் என்று கண்டதும் பலருக்குக் காணியே இல்லாத மாதிரி இருக்கும். அது 10 பேர்ச். ஒரு ஹெக்டயர் என்பது 395 பேர்ச்சும் சொச்சமும். மனக்கணக்குக்கு 400ஆல் பெருக்கி, வருவதில் நூற்றுக்கு ஒன்றைக் கழியுங்கள். 0.0253ஐ 400ஆல் பெருக்கினால் 10.12, நூற்றுக்கு ஒன்று கழித்தால் 10.02. உறுதி எழுத இது போதாது. ஆனால் தரகர் சொல்வது சரியா என்று பார்க்கப் போதும்.

பேர்ச் என்பது பதினாறரை அடி நீளம், பதினாறரை அடி அகலம் கொண்ட சதுரம், வெள்ளைக்காரர் காலத்து அளவு. பெருக்கினால் 272.25 சதுர அடி. 10 பேர்ச் வளவு என்றால் 2722 சதுர அடி வர வேண்டும். நீங்கள் நாடாவைப் பிடித்துப் பார்க்கும்போது 52 அடிக்கு 50 அடி இருக்கிறது என்று வையுங்கள். 2600 சதுர அடி. 272ஆல் பிரித்தால் ஒன்பதரைப் பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேல், 9.55. பேர்ச் 8 இலட்சம் என்றால் குறைகிற 0.45 பேர்ச்சின் விலை 3 இலட்சத்து 60 ஆயிரம். நாலு மூலையும் நேராக இருக்கும் வளவுக்குத்தான் இந்தக் கணக்கு. கோணலாக இருந்தால் நில அளவையாளரைத்தான் கூப்பிட வேண்டும். அவரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிவதற்கும் இந்தப் பெருக்கல் வேண்டும்.

பெக்கோ பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் மீற்றர் அநேகமாக மணித்தியாலத்தைப் பத்தில் ஒன்றாகக் காட்டும். 1254.6இல் தொடங்கி 1258.1இல் நின்றால் 3.5 மணித்தியாலம். அது மூன்றரை, 3 மணித்தியாலம் 50 நிமிடம் அல்ல. மீற்றரில் 0.1 என்றால் 6 நிமிடம். மணித்தியாலத்துக்கு 6000 ரூபா என்றால் அந்த 20 நிமிட வித்தியாசம் 2000 ரூபா.

நகையும் அதே கதை. 3 பவுண் 4 கிராம் என்பது மூன்றரைப் பவுண். 3.4 என்று எழுதி விற்றால், பவுண் 3 இலட்சம் என்ற விலையில் 30,000 ரூபா போய்விடும். ஸகாத்துக்குத் தங்கத்தின் அளவு 85 கிராம் என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். அது 10 பவுண் 5 கிராம். சிலர் அதைப் பத்தரைப் பவுண் என்கிறார்கள். பத்தரைப் பவுண் 84 கிராம்தான். மார்க்கத் தீர்ப்பை மௌலவிமாரிடம் கேளுங்கள். நான் சொல்வது 8ஆம் வாய்ப்பாடு மட்டும்.

எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான். முதலில் சின்ன அலகுக்கு இறக்குங்கள். நேரத்தை நிமிடமாக, காணியைப் பேர்ச்சாக, நகையைக் கிராமாக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு கூட்டுங்கள், பெருக்குங்கள், பங்கு வையுங்கள். 2 மணித்தியாலம் 45 நிமிடம் என்றால் 165 நிமிடம். 400ஆல் பெருக்கி 60ஆல் பிரித்தால் 1100. தரம் 5 பிள்ளைக்குத் தெரிந்த கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

"எல்லாம் போனில் இருக்கிறதே சேர்" என்று சொல்வீர்கள். இருக்கிறது. ஆனால் 2.45 என்று அடிக்கும் விரலைப் போன் தடுக்காது. "நொத்தாரிசு பார்த்துக்கொள்வார்" என்றும் சொல்வீர்கள். கையொப்பம் வைப்பது நொத்தாரிசு மட்டுமல்ல, நீங்களும்தான்.

ஆசிரியர்கள் பக்கமும் சொல்ல இருக்கிறது. அலகு மாற்றம் என்றால் வகுப்பில் மீற்றரைச் சென்ரிமீற்றராக்கச் சொல்கிறோம். பத்தும் நூறும் ஆயிரமும்தான் வருகிறது, புள்ளியை இடம் மாற்றினால் விடை வந்துவிடுகிறது. பிள்ளைக்குப் புள்ளியை நகர்த்துவது பழகிவிடுகிறது. அதே பிள்ளை வீட்டுக்குப் போனால் 60, 40, 12, 8. பரீட்சையில் 90 எடுத்த பிள்ளையின் கையில் உறுதியைக் கொடுத்துப் பாருங்கள், முழிக்கும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெரும்பாலும் அவர்கள் பெயரில்தான் எழுதப்படுகின்றன, அந்தத் தாளை வாசிப்பது மட்டும் வாப்பாவும் மாப்பிள்ளையும்.

அடுத்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டு உறுதியின் போட்டோ கொப்பி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பெயரையும் உறுதி இலக்கத்தையும் கறுப்புப் பேனையால் மறைத்துவிடுங்கள், அளவு எழுதிய வரி மட்டும் தெரிந்தால் போதும். உறுதி இல்லாதவர்கள் சம்பளத் துண்டு, நகைக்கடை பில், பெக்கோ பில் எதையாவது கொடுத்தனுப்புங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து கணக்கைச் சொல்லும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள்.