மைதானம் யாருடைய காணி? பெல்ஃபாஸ்டின் இறுதியாட்டமும் அதை நடத்திய கழகமும்

வட அயர்லாந்தின் அன்ட்ரிம் கவுண்டியில் ஹேர்லிங் கழகங்களுக்கு இடையிலான சம்பியன் பட்ட இறுதியாட்டம் பல வருடங்களாக இரவல் மைதானங்களில்தான் நடந்து வருகிறது. கவுண்டிக்கென்று ஒரு பெரிய மைதானம் இல்லாமலில்லை. மேற்கு பெல்ஃபாஸ்டில் கேஸ்மென்ட் பார்க் இருக்கிறது. புதிதாகக் கட்டப்போகிறோம் என்று சொல்லி 2013இல் அதை மூடினார்கள். அதன் பிறகு அங்கே ஒரு போட்டியும் நடக்கவில்லை. பார்வையாளர் படிகளில் பற்றை முளைத்திருப்பதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். மூடப்பட்ட மைதானம் எப்படி இருக்கும் என்று இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

2021ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தை இணையத்தில் பார்த்தேன். நடந்த இடம் கொரிகன் பார்க். மேற்கு பெல்ஃபாஸ்டின் வைற்றொக் வீதியில் உள்ள சென் ஜோன்ஸ் கழகத்தின் சொந்த மைதானம் அது. (பெயரைக் கேட்டதும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு வேறொரு மைதானம்தான் நினைவுக்கு வரும்.) டன்லோய் கழகமும் ஓ'டொனவன் ரொஸ்ஸா கழகமும் மோதின. டன்லோய் வென்றது. 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு தடவைகள் அந்தக் கழகத்துக்குத்தான் பட்டம். சென் ஜோன்ஸ் அன்று ஆடவேயில்லை. ஆனாலும் மைதானத்தை ஆயத்தப்படுத்துவது, வாசலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்தக் கழகத்தின் பொறுப்பு. அங்கே இது வழமை. தன் அணி இல்லாத இறுதியாட்டத்துக்குத் தன் வளவைத் திறந்து கொடுப்பதை ஒரு கழகம் பெருமையாகவே எடுத்துக்கொள்ளும்.

ஹேர்லிங்கை நம் பக்கத்தில் பார்த்தவர்கள் குறைவு. ஹொக்கி போலத் தோன்றும், ஆனால் பந்து பெரும்பாலும் ஆகாயத்தில் இருக்கும். ஒரு அணிக்கு 15 பேர். அகன்ற நுனியுள்ள ஆஷ் மரத்தடியால் சிறிய தோல் பந்தை அடிப்பார்கள், கையால் பிடிப்பார்கள், தடியின் நுனியில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே போனால் மூன்று புள்ளிகள், மேலே போனால் ஒன்று. தலைக்கவசம் கட்டாயமானதே 2010இல்தான். ஆடுபவர்களுக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குகளின் எல்லையே கழகத்தின் எல்லை. பிறந்த ஊருக்கு ஆடுவார்கள். 2018இல் யுனெஸ்கோ இந்த ஆட்டத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

அந்தப் பட்டியலுக்கு வரும்வரை ஆட்டம் பிழைத்திருந்ததற்குக் காரணம், 1884 நவம்பர் முதலாம் திகதி டிப்பரெரி கவுண்டியின் தேர்ள்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய சிலர். மைக்கேல் குசாக் என்ற ஆசிரியர் முன்னின்று கூட்டிய அந்தச் சந்திப்பில் கேலிக் மெய்வல்லுநர் சங்கம் உருவானது. அயர்லாந்து அப்போது பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. பெரும் பஞ்சமும் புலம்பெயர்வும் ஊர்களை வெறுமையாக்கியிருந்தன. கிரிக்கெட்டும் றக்பியும் கனவான்களின் ஆட்டங்களாக வளர, ஊராட்டம் தேய்ந்துகொண்டிருந்தது. நம்முடைய கிளித்தட்டுக்கு அப்படி ஒரு கூட்டம் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நேரம் யோசிப்பேன்.

சங்கம் செய்த கெட்டிக்காரத்தனம் விதிகளை எழுதியது மட்டுமல்ல, காணி வாங்கியது. டப்ளினில் உள்ள குரோக் பார்க்கை 1913இல் விலைகொடுத்து வாங்கியது. ஊர்க் கழகங்களும் வாசற்காசையும் நன்கொடையையும் சேர்த்து வளவு வாங்கின. இன்று அயர்லாந்துத் தீவில் 1,600க்கும் மேற்பட்ட கழகங்கள் இருக்கின்றன. பெரும்பாலான மைதானங்களின் உறுதி, சங்கத்தின் அல்லது கழகத்தின் பொறுப்பாளர்களின் பெயரில் இருக்கிறது; அரசின் பெயரிலோ பிரதேச சபையின் பெயரிலோ இல்லை. விளையாட்டுச் செய்தியாக மட்டும் இதைப் பார்த்தால் இந்த விடயம் கண்ணில் படாது. காணிப் பிரச்சினைகளைப் பற்றி எழுதிப் பழகிய எனக்கு முதலில் பட்டதே இதுதான்.

காணி சொந்தமாக இருந்ததால் படையினர் வராமல் இருக்கவில்லை. 1920 நவம்பர் 21, குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரித்தானியப் படைகள் உள்ளே வந்து சுட்டன. 14 பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் டிப்பரெரியின் வீரர் மைக்கேல் ஹோகன். பிற்காலத்தில் அங்கு கட்டிய அரங்கமொன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1970களில் தெற்கு அர்மாவின் குரொஸ்மக்லென் கழகத்தின் வளவில் ஒரு பகுதியை இராணுவ முகாம் விழுங்கியது. ஹெலிகொப்டர்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் இறங்கின. கேஸ்மென்ட் பார்க்கையும் இராணுவம் சில காலம் கைப்பற்றி வைத்திருந்தது. ஆனால் உறுதி கழகத்தின் கையில் இருந்ததால், பிடித்து வைத்திருப்பவர் யார், உரியவர் யார் என்பதில் எவருக்கும் குழப்பம் இருக்கவில்லை. கேட்டு நிற்க ஒரு எழுத்து இருந்தது.

கொரிகன் பார்க்கின் கதைக்கு வருகிறேன். 1953இல் கேஸ்மென்ட் பார்க் திறக்கப்படும்வரை அன்ட்ரிமின் பிரதான மைதானம் இதுதான். அறுபது வருடங்களுக்குப் பிறகு புதியது மூடப்பட, பழையதற்கே அந்த வேலை திரும்பி வந்தது. இடம் சிறியது. சில ஆயிரம் பேர்தான் கொள்ளும். 2025 ஏப்ரலில், முந்தைய வருடத்தின் அகில அயர்லாந்து உதைபந்தாட்டச் சம்பியனான அர்மாவுடன் அன்ட்ரிம் ஆட வேண்டியிருந்தது. கொள்ளளவு போதாது என்று சொல்லி ஆட்டத்தை நியூரி நகருக்கு மாற்றப் பார்த்தார்கள். அன்ட்ரிம் வீரர்கள் வேறெங்கும் ஆடமாட்டோம் என்று நின்றார்கள். கடைசியில் ஆட்டம் கொரிகன் பார்க்கிலேயே நடந்தது.

அந்த மைதானத்துக்கு அருகில்தான் பாலிமர்ஃபி குடியிருப்பு இருக்கிறது. 1971 ஓகஸ்ட் 9 முதல் 11 வரை, விசாரணையில்லாத தடுத்துவைப்பு தொடங்கிய நாட்களில், அங்கே பத்துப் பேர் கொல்லப்பட்டனர். ஒருவர் காயப்பட்டவருக்கு உதவப் போன குருவானவர். ஒருவர் எட்டுப் பிள்ளைகளின் தாய். அவர்களை ஆயுததாரிகள் என்று இராணுவம் சொன்னது. அந்தச் சொல்லைக் கழுவ 50 வருடங்கள் எடுத்தன. 2021 மே 11ஆம் திகதி மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்: பத்துப் பேரும் முற்றிலும் குற்றமற்றவர்கள், ஒன்பது பேரைக் கொன்றது இராணுவம், பத்தாமவரைச் சுட்டது யாரென்று தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை. நான் பார்த்த இறுதியாட்டம் நடந்தது அதே வருடத்தின் பிற்பகுதியில். அன்று வைற்றொக் வீதியால் மைதானத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்புக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர்கள் என்ற எண்ணத்தோடுதான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தின் வேகத்தைப் பின்தொடர முடியவில்லை என்பதும் உண்மை.

பெயர்களிலும் ஒரு வரலாறு கிடக்கிறது. டன்லோய் கழகம் தன் பெயரோடு சேர்த்திருப்பது கூகுலின் என்ற புராண வீரனை. காவல் நாயின் தொண்டைக்குள் பந்தை அடித்துக் கொன்ற சிறுவன். ஓ'டொனவன் ரொஸ்ஸா பிரித்தானியச் சிறையில் வதைபட்ட போராளி. 1915இல் டப்ளினில் நடந்த அவரது இறுதி ஊர்வலமே அடுத்த வருட எழுச்சிக்கு முன்னோட்டமாயிற்று. கேஸ்மென்ட், 1916இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டவர். இப்படிப் பெயர் வைக்க அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர்கள் வேறு விதமாகக் கேட்கும். 1988 மார்ச்சில், இறுதி ஊர்வலமொன்றுக்குள் வாகனத்தோடு வந்து அகப்பட்ட இரண்டு பிரித்தானியப் படையினரை இழுத்துச்சென்று அடித்த இடம் கேஸ்மென்ட் பார்க். பிறகு அருகிலேயே ஐ.ஆர்.ஏ. அவர்களைச் சுட்டுக் கொன்றது. யூனியனிஸ்டுகள் பலருக்கு அந்த மைதானம் என்றால் அந்த நாள்தான். அதற்குப் பொதுப்பணம் கொடுக்கக் கூடாது என்ற எதிர்ப்பில் அரசியல் இருக்கிறது, வலியும் இருக்கிறது. 2014இல் நீதிமன்றம் கட்டட அனுமதியை இரத்துச் செய்தது அயலவர்களின் ஆட்சேபனையால். 2021இல் புதிய அனுமதி கிடைத்தது. 2028 ஐரோப்பியக் கிண்ணத்துக்காக அதைக் கட்டுவதாக இருந்த திட்டத்தை 2024 செப்டெம்பரில் பிரித்தானிய அரசு கைவிட்டது. செலவு 400 மில்லியன் பவுணைத் தாண்டலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். 2025 ஜூனில் 50 மில்லியன் பவுண் தருவதாக அறிவித்தது. டப்ளின் அரசின் 50 மில்லியன் யூரோ, வட அயர்லாந்து நிர்வாகத்தின் 62.5 மில்லியன் பவுண், சங்கத்தின் 15 மில்லியன் பவுண் எல்லாவற்றையும் சேர்த்தும் அந்த நேரத்தில் கணக்கு நிரம்பவில்லை.

நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உடம்பு கூசும். வன்னியில் ஒரு கிராமத்தில், படையினர் ஏற்பாடு செய்த கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியைச் செய்தியாக்கப் போயிருக்கிறேன். சீருடை, கிண்ணம், ஒலிபெருக்கி, பேச்சு எல்லாம் அவர்களுடையவை. பொடியன்கள் ஆடினார்கள், ஏனென்றால் பந்து அவர்களிடம்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தின் துரையப்பா விளையாட்டரங்கில் 1999இல் திருத்த வேலை நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் வந்தன. 2016இல் இந்திய உதவியுடன் அதே அரங்கு புதுப்பிக்கப்பட்டு, இந்தியப் பிரதமர் காணொளி வழியே திறந்து வைத்தார். அந்த எலும்புகள் யாருடையவை என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

அயர்லாந்தில் மாற்றம் வந்த வழி வேறு. பொலிசாரையும் பிரித்தானியப் படையினரையும் உறுப்பினராக்கக் கூடாது என்று சங்கத்தின் 21ஆவது விதி சொன்னது. 2001 நவம்பரில் அதை நீக்கினார்கள். பெரிய வெள்ளி உடன்பாடு கையெழுத்தாகி மூன்று வருடங்கள் கடந்து, பழைய பொலிஸ் படை மாற்றியமைக்கப்பட்ட அதே மாதத்தில்தான் அது நடந்தது. வடக்கின் ஆறு கவுண்டிகளில் ஆதரித்தது டவுன் மட்டும். அன்ட்ரிம் எதிர்த்தது. அடி வாங்கியவர்கள் கடைசியாகத்தான் சம்மதிப்பார்கள், அதில் எனக்கு ஆச்சரியமில்லை. கவனிக்க வேண்டியது, முடிவை எடுத்தது சங்கத்தின் சொந்த உறுப்பினர்கள். 2007 பெப்ரவரியில் குரோக் பார்க்கில் இங்கிலாந்தின் றக்பி அணி ஆடியபோது பிரித்தானிய தேசிய கீதம் அமைதியாகக் கேட்கப்பட்டது. 2020இல் யூனியனிஸ்டுகள் செறிந்த கிழக்கு பெல்ஃபாஸ்டிலேயே ஒரு கேலிக் கழகம் தொடங்கியது. எந்தப் படைத்தளபதியும் கிண்ணம் கொடுத்து இதைச் செய்விக்கவில்லை.

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லி நமக்குப் பாடம் எடுக்கிறவர்கள் உண்டு. வட அயர்லாந்தின் சமாதானத்தை இங்கே கொண்டுவந்து காட்டுவது புதிதல்ல. மார்ட்டின் மக்கின்னஸ் 2006இல் கிளிநொச்சிவரை வந்து பேசினார். அந்தப் பாடத்தில் வழக்கமாக விடுபடும் பக்கம் பெல்லாஹி.

டெரி கவுண்டியில், கவிஞர் ஷேமஸ் ஹீனியின் ஊர் அது. அங்குள்ள வுல்ஃப் டோன்ஸ் கழகத்தின் தலைவர் ஷோன் பிரவுன். வயது 61. 1997 மே 12ஆம் திகதி இரவு, கழகத்தின் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தவரைக் கடத்திச்சென்று சுட்டுக் கொன்றார்கள். செய்தது லோயலிஸ்ட் ஆயுதக்குழு. எவரும் தண்டிக்கப்படவில்லை. 27 வருடங்களுக்குப் பிறகு, 2024இல், மரண விசாரணையில் ஒரு விடயம் வெளிவந்தது: கொலையோடு 25க்கும் மேற்பட்டோரைப் புலனாய்வுத் தகவல்கள் தொடர்புபடுத்துகின்றன, அவர்களில் அரசின் முகவர்களும் அடக்கம். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆவணங்கள் மறைக்கப்பட்டதால் விசாரணையைத் தொடர முடியாது என்று அதிகாரி நிறுத்திவிட்டு, பகிரங்க விசாரணை கோரினார். மேல் நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை நடத்தும்படி உத்தரவிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதிப்படுத்தியது. பிரித்தானிய அரசு ஏற்காமல் உயர் நீதிமன்றத்தை நாடியது. பகிரங்க விசாரணைக்குப் பதிலாக, தான் அமைத்த ஆணைக்குழுவிடம் போகும்படி குடும்பத்துக்குச் சொன்னது. குடும்பம் மறுத்துவிட்டது. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்தை வேண்டாமென்று சொல்லி வீதியோரக் கொட்டகையில் இருந்த நம் அம்மாமாருக்கு அந்த மறுப்பை யாரும் விளக்கத் தேவையில்லை.

2025 மே மாதம் பெல்லாஹியில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், பலர் தங்கள் கழகச் சீருடைகளுடன். இறந்தவரின் மனைவிக்கு அப்போது 87 வயது. அந்தக் கழகத்தின் மைதானத்துக்கு இப்போது ஐரிஷ் மொழியில் அவருடைய பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே இன்றும் ஆட்டம் முடிந்ததும் யாரோ ஒருவர் கடைசியாக நின்று வாசலைப் பூட்டுகிறார்.